கடலுக்குள் ஒரு தண்ணீர்ப் பஞ்சம் – பாக்ஸ்ட்ராட் நீர்மூழ்கிகளின் கதை

பரளச்சி, திருச்சுழி பக்கத்து ஆட்களுக்குத் தண்ணீரின் அருமை பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கண்மாய் பெருகினால் வெள்ளாமை, பெருகாவிட்டால் கருவேலங்கரி. குழாயடியில் குட வரிசை என்பது அங்கே பிறந்தது முதல் பார்க்கிற காட்சி. ஆனால் சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர், தலைக்கு மேலேயும் தண்ணீர், அதற்குள்ளேயே வாரக்கணக்கில் குடியிருப்பு, குளிக்க மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் கிடையாது என்றால் எப்படி இருக்கும்?

அப்படி வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1967 முதல் 2010 வரை, 43 ஆண்டுகள், இந்தியக் கடற்படையில் ஓடிய பாக்ஸ்ட்ராட் ரக நீர்மூழ்கிக் கப்பல்களின் ஆட்கள் தான் அவர்கள். இந்தியா நீர்மூழ்கி ஓட்டக் கற்றுக்கொண்டதே இந்தக் கப்பல்களில் தான். இவை ஒரு எதிரிக் கப்பலைக்கூட மூழ்கடித்தது கிடையாது. அதனாலோ என்னவோ, இவற்றைப் பற்றித் தமிழில் அதிகம் யாரும் எழுதுவதில்லை.

முதலில் ஒரு விஷயம். "பாக்ஸ்ட்ராட்" என்பது ரஷ்யர்கள் வைத்த பெயர் அல்ல. சோவியத் யூனியனில் இதற்குப் பெயர் "புராஜெக்ட் 641". பனிப்போர் காலத்தில் சோவியத் கப்பல்களின் உண்மைப் பெயர் தெரியாததால் நேட்டோ நாடுகள் தாங்களாக ஒரு சங்கேதப் பெயர் வைத்துக்கொண்டன. ஒரு நடனத்தின் பெயர் நீர்மூழ்கிக்குக் கிடைத்தது இப்படித்தான்!

இந்த வடிவமைப்பின் வேர் இரண்டாம் உலகப் போரின் கடைசியில் இருக்கிறது. ஜெர்மனி தோற்றபோது அதன் "டைப் 21" நீர்மூழ்கிகளும் வரைபடங்களும் வென்ற நாடுகளின் கையில் சிக்கின. அதுவரை நீர்மூழ்கி என்பது பெரும்பாலும் மேலே மிதந்து ஓடி, தேவைப்படும்போது மட்டும் முங்குகிற கப்பலாகத்தான் இருந்தது. தண்ணீருக்குள்ளேயே நீண்ட நேரம் இருக்க வேண்டும் என்று யோசித்துக் கட்டப்பட்டது டைப் 21. அதைப் படித்துப் பார்த்த சோவியத் பொறியாளர்கள் முதலில் புராஜெக்ட் 611 என்ற பெரிய நீர்மூழ்கியைக் கட்டினார்கள். அதன் குறைகளைச் சரிசெய்து வந்தது தான் 641. முதல் கப்பலின் கட்டுமானம் லெனின்கிராடில் 1957ல் தொடங்கியது. 1983 வரை, வெளிநாடுகளுக்கு விற்றதையும் சேர்த்து, சுமார் 75 கப்பல்கள் கட்டப்பட்டன. வாங்கிய நாடுகள் மூன்று: இந்தியா, லிபியா, கியூபா.

நீளம் 91 மீட்டர். நம்ம ஊர் ரயில் பெட்டிகள் நான்கைக் கோர்த்தால் வரும் நீளம். அகலம் ஏழரை மீட்டர். அந்தக் குழாய்க்குள் ஏழு அறைகள், வரிசையாக. ஓர் அறையில் இருந்து அடுத்த அறைக்குப் போக வட்டமான ஒரு ஓட்டை வழியாகக் குனிந்து, காலைத் தூக்கி வைத்து நுழைய வேண்டும். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலோ தீப்பிடித்தாலோ அந்த வட்டக் கதவை மூடிவிடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே... முன்பக்கம் ஆறு, பின்பக்கம் நான்கு என்று பத்து டார்பிடோ குழாய்கள். மொத்தம் 22 டார்பிடோக்கள். இத்தனைக்கும் நடுவே சுமார் 75 பேர்.

இனி இதன் மூச்சு விஷயம். டீசல்-எலக்ட்ரிக் நீர்மூழ்கி எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் தான் மற்றதெல்லாம் புரியும்.

மூன்று டீசல் இன்ஜின்கள், ஒவ்வொன்றும் 2000 குதிரைசக்தி. கிணற்று மேட்டில் தட்தட்டென்று ஓடும் 5 குதிரைசக்தி டீசல் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். அதுபோல 1200 மோட்டார்கள்! ஆனால் டீசல் எரிய காற்று வேண்டும். தண்ணீருக்குள் காற்று ஏது? அதனால் உள்ளே இறங்கியதும் டீசலை நிறுத்திவிட்டு, பேட்டரியில் இருந்து கரண்ட் எடுத்து மின்மோட்டார்களை ஓட்டுவார்கள். நான்கு கூட்டமாக மொத்தம் 448 பேட்டரிகள். வீட்டில் இன்வெர்ட்டருக்கு வைக்கிறோமே, அதே ஈயமும் ஆசிட்டும் தான். ஆனால் ஒவ்வொன்றும் அரை டன்னுக்கு மேல் கனம். கப்பலின் எடையில் கணிசமான பங்கு இந்தப் பேட்டரிகளுடையது. ஆட்களுக்கு இடம் குறைந்ததும் இவற்றால் தான்.

பேட்டரி தீர்ந்தால் மேலே வந்தே ஆகவேண்டும். முழுதாக மேலே வராமல், கடல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தபடி ஒரு குழாயை மட்டும் வெளியே நீட்டிக் காற்றை இழுத்து டீசலை ஓட்டலாம். இதற்கு ஸ்நார்கல் என்று பெயர். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அலை வந்து குழாயின் வாயை மூடினால் அதில் உள்ள வால்வு தானாக அடைத்துக்கொள்ளும். இன்ஜின் மட்டும் நிற்காது. கப்பலுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்ச ஆரம்பிக்கும்! ஒரு நொடியில் எல்லோருக்கும் காது அடைக்கும். அலை விலகியதும் மறுபடி திறக்கும். கொந்தளிக்கும் கடலில் ராத்திரி முழுக்க இதே கதை தான். அதுவும் போக, சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அதை வெளியேற்றாமல் விட்டால் ஒரு பொறி போதும்.

எவ்வளவு தூரம் போகும்? கடல்மட்டத்தில் நிதானமாக ஓடினால் எரிபொருள் நிரப்பாமல் 20,000 கடல்மைல், அதாவது சுமார் 37,000 கிலோமீட்டர். பூமியைக் கிட்டத்தட்ட ஒரு சுற்று. ஆனால் தண்ணீருக்குள், பேட்டரியில் மட்டும்? மணிக்கு 2 கடல்மைல் வேகத்தில் சென்றால் 700 கிலோமீட்டர் சொச்சம். அந்த வேகம் ஒரு ஆள் சாவகாசமாக நடப்பதற்குச் சமம். அருப்புக்கோட்டையில் இருந்து மதுரைக்குப் போக பதின்மூன்று மணி நேரம் ஆகும்! அவசரம் என்று முழு வேகத்தில் 15 கடல்மைலுக்கு மேல் விரட்டினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பேட்டரி காலி. ஆகவே ஒரு பாக்ஸ்ட்ராட் கேப்டன் எந்நேரமும் போட்டுக்கொண்டிருந்தது ஒரே கணக்கு: கையில் இன்னும் எவ்வளவு கரண்ட் மிச்சம்?

இந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதை உலகம் 1962 அக்டோபரில் பார்த்தது. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதை அமெரிக்கா கண்டுபிடித்து, கடல் வழியை மறித்த நேரம். அதற்கு முன்பே நான்கு பாக்ஸ்ட்ராட்கள் ஆர்க்டிக் கடற்கரையில் இருந்து கியூபாவுக்குப் புறப்பட்டிருந்தன. பி-4, பி-36, பி-59, பி-130. ஒவ்வொன்றிலும் ஒரு அணுகுண்டு டார்பிடோ இருந்தது. இது அமெரிக்கர்களுக்குத் தெரியாது.

குளிர்க்கடலுக்காகச் செய்த கப்பல் வெப்பக்கடலுக்குள் நுழைந்ததும் வேலையைக் காட்டியது. உள்ளே 45 டிகிரிக்கு மேல், இன்ஜின் அறையில் 60 டிகிரி. குடிதண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு டம்ளர். ஆட்கள் மயங்கி மயங்கி விழுந்தார்கள். பி-130ல் மூன்று டீசல் இன்ஜின்களும் பழுதாகிவிட்டன. அக்டோபர் 27ம் தேதி பி-59ஐ அமெரிக்கக் கப்பல்கள் சுற்றி வளைத்து, மேலே வா என்று சொல்லும் விதமாகச் சிறிய வெடிகளைத் தண்ணீரில் போட்டன. உள்ளே இருந்தவர்களுக்கு அது எச்சரிக்கையா தாக்குதலா என்று தெரியவில்லை. மாஸ்கோவுடன் தொடர்பும் இல்லை. போர் தொடங்கிவிட்டது என்று நினைத்த கேப்டன் சவிட்ஸ்கி, அணு டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னதாகவும், அந்தப் படைப்பிரிவின் தலைமை அதிகாரியாக அதே கப்பலில் இருந்த வசிலி அர்கிபோவ் அவரைத் தடுத்துச் சமாதானப்படுத்தியதாகவும் பின்னாளில் தெரியவந்தது. அந்த அறைக்குள் யார் என்ன பேசினார்கள் என்பதில் அங்கிருந்தவர்களின் நினைவுகளே வேறுபடுகின்றன. ஆனால் கடைசியில் பேட்டரி தீர்ந்து, பி-59 மேலே வந்தது என்பதில் சந்தேகம் இல்லை. உலகம் தப்பித்ததில் ஒரு காலி பேட்டரிக்கும் பங்கு உண்டு!

இந்தக் கப்பலைத்தான் அடுத்த சில ஆண்டுகளில் இந்தியா வாங்கியது. கியூபாவை விடக் குளுமையான கடலா நம்முடையது?

வேறு வழியில்லை என்பது தான் பதில். இந்தியக் கடற்படைக்கு முதல் விருப்பம் பிரிட்டன். நம் அதிகாரிகள் நீர்மூழ்கிப் பயிற்சி எடுத்ததே பிரிட்டிஷ் கடற்படையில் தான். ஆனால் பிரிட்டனின் ஓபரான் ரகக் கப்பலுக்கு விலையும் கடன் நிபந்தனையும் ஒத்துவரவில்லை. இதற்கிடையே 1964ல் பாகிஸ்தானுக்கு அமெரிக்காவிடமிருந்து ஒரு நீர்மூழ்கி கிடைத்தது. பெயர் காஸி. 1965 போரின்போது அது பம்பாய் பக்கமே வந்துபோனது. இந்தியாவிடம் பதிலுக்கு ஒரு நீர்மூழ்கிகூட இல்லை. அந்த 1965லேயே சோவியத் யூனியனுடன் ஒப்பந்தம் ஆனது. நம் ஆட்கள் பசிபிக் கரையில் உள்ள விளாடிவாஸ்டாக் நகரத்துக்குப் போய், முதலில் ரஷ்ய மொழி படித்தார்கள். அப்புறம் தான் கப்பல்.

1967 டிசம்பர் 8. இன்றைய லாட்வியாவின் தலைநகரான ரிகா துறைமுகம். கமாண்டர் கே.எஸ். சுப்பிரமணியன் தலைமையில் ஐ.என்.எஸ். கல்வரி இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. கல்வரி என்பது புலிச்சுறாவுக்கு மலையாளத்தில் உள்ள பெயர். டிசம்பர் 8 இன்றும் இந்திய நீர்மூழ்கி தினமாகக் கொண்டாடப்படுகிறது. கல்வரி இந்தியாவுக்கு வந்த வழியும் சுவையானது. 1967 அரபு-இஸ்ரேல் போரால் சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்தது. ஆகவே ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்றிக்கொண்டு 1968 ஜூலையில் விசாகப்பட்டினம் வந்தது. புதிய கப்பல், புதிய ஆட்கள், முதல் பயணமே இரண்டு பெருங்கடல்!

தொடர்ந்து கந்தேரி (1968), கரஞ்ச், குர்சுரா (1969) வந்தன. அடுத்த நான்கான வேலா, வாகிர், வாக்லி, வாக்ஷீர் 1973, 74ம் ஆண்டுகளில் சேர்ந்தன. மொத்தம் எட்டு. இந்தியாவுக்குத் தந்தவற்றில் ரஷ்யர்கள் சில மாற்றங்கள் செய்தார்கள். ஏ.சி. வசதி கூடியது, நல்ல தண்ணீர் தொட்டி பெரிதானது. பெரிதானது என்றால் குடிக்கவும் சமைக்கவும் தட்டில்லாமல் கிடைத்தது, அவ்வளவுதான். குளியல் என்பது கரைக்குத் திரும்பிய பிறகு. பத்து நாள், இருபது நாள் டீசல் வாசத்தோடு அதே உடம்பு. ஒரு ஆள் டியூட்டிக்கு எழுந்து போனால் அவர் படுத்த சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் அதே படுக்கையில் படுப்பார். சிலருக்கு டார்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே படுக்கை. பகலா இரவா என்று தெரியாது.

1971 போர் இந்தக் கப்பல்களுக்கு வந்த ஒரே பெரிய சோதனை. குர்சுராவும் கரஞ்சும் அரபிக்கடலில், கந்தேரி வங்காள விரிகுடாவில். ஆனால் அரசின் உத்தரவு கறாரானது. இலக்கு எதிரிக் கப்பல் தான் என்று சந்தேகமின்றித் தெரிந்தால் மட்டுமே சுட வேண்டும். கராச்சி பக்கம் பல நாட்டு வணிகக் கப்பல்கள் போய்வரும் கடல். தவறி வேறு நாட்டுக் கப்பலை அடித்தால் இந்தியாவுக்கு உலக அளவில் தலைவலி. பெரிஸ்கோப்பின் சின்னக் கண்ணாடி வழியே இருட்டில் ஒரு கப்பலின் தேசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? குறிவைக்கவும் பின்தொடரவும் முடிந்தது, சுட முடியவில்லை. கரஞ்சின் கேப்டனாக இருந்த வி.எஸ். ஷெகாவத்துக்கு வீர் சக்ரா விருது கிடைத்தது. பின்னாளில் அவர் கடற்படைத் தளபதியாகவும் ஆனார். ஆனால் மூழ்கடித்த கணக்கில் பூஜ்யம்.

எதிர்த்தரப்பு அப்படி இல்லை. விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி காஸி வங்காள விரிகுடாவுக்கு வந்தது. விக்ராந்த் அப்போது சென்னையைத் தொட்டுவிட்டு அந்தமான் பக்கம் ஒளிந்திருந்தது. சென்னைக் கடல் வரை தேடிவிட்டு விசாகப்பட்டினம் போன காஸி, டிசம்பர் 3ம் தேதி நள்ளிரவு வாக்கில் வெடித்து மூழ்கியது. ஐ.என்.எஸ். ராஜ்புத் போட்ட வெடிகளால் என்கிறது இந்தியா. தானே வைத்த கண்ணிவெடி அல்லது உள்ளே நடந்த விபத்து என்கிறது பாகிஸ்தான். உள்ளே இருந்த 93 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஆறு நாள் கழித்து, டிசம்பர் 9 இரவு, ஹங்கோர் என்ற பாகிஸ்தானிய நீர்மூழ்கி குஜராத் கடலில் ஐ.என்.எஸ். குக்ரியை டார்பிடோவால் அடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதனோடே போனார்.

இதை வைத்து "நம்ம நீர்மூழ்கிகள் வீண்" என்று சொல்வது சுலபம். ஆனால் எதிரிக் கரைக்குப் பக்கத்தில் நாட்கணக்கில் பதுங்கி இருந்து, பிடிபடாமல், தவறாக ஒரு டார்பிடோவும் விடாமல் திரும்புவதும் நீர்மூழ்கியின் வேலை தான். முதல் கப்பல் கைக்கு வந்து நான்கே ஆண்டு ஆன ஒரு படைக்கு அது சின்ன விஷயம் அல்ல. விரலை விசையில் வைத்துக்கொண்டு அமுக்காமல் இருப்பதற்குப் பதக்கம் குறைவு.

போருக்குப் பிறகு வந்த கஷ்டம் உதிரிபாகம். பெரிய பழுதுபார்ப்புக்கு ரஷ்யா போக வேண்டும். அது வரை ஒரு கப்பலில் இருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டி ஓட்டினார்கள். குர்சுரா அப்படித் தன் பாகங்களைக் கொடுத்துவிட்டுச் சில ஆண்டுகள் சும்மா கிடந்தது. கந்தேரி 1989லேயே விலக்கப்பட்டது. 1986ல் சிந்துகோஷ் தொடங்கி ரஷ்யாவின் கிலோ ரகக் கப்பல்கள் வந்தன. ஜெர்மன் வடிவமைப்பில் சிசுமாரும் அதே ஆண்டு சேர்ந்தது. அவற்றின் கேப்டன்கள் எல்லோரும் தொழில் படித்தது பாக்ஸ்ட்ராட் பள்ளிக்கூடத்தில் தான்.

பாக்ஸ்ட்ராட்களின் கடைசிக் காலத்தில் நம் தென்மாவட்டமும் கதைக்குள் வருகிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990ல் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் தொடங்கப்பட்டது. பெயர் கப்பல் போல இருந்தாலும் கடற்கரையில்கூட இல்லை, பொட்டல் காட்டில் இருக்கிறது! சாதாரண ரேடியோ அலை கடல்நீருக்குள் போகாது. மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட அலைகள் மட்டும் சில மீட்டர் ஆழம் வரை இறங்கும். அவற்றை அனுப்ப மிக உயரமான கோபுரங்களும் பரந்த நிலமும் வேண்டும். இப்படி ஒரு நிலையம் இருந்தால், நீர்மூழ்கி தலையை வெளியே காட்டாமலேயே கரையின் உத்தரவைக் கேட்டுக்கொள்ளலாம். பி-59ல் 1962ல் இல்லாமல் போனது இது தான்.

கல்வரி 1996ல் ஓய்வு பெற்றது. குர்சுரா 2001ல். 2010 ஜூனில் வேலா, அதே ஆண்டு டிசம்பர் 9ல் கடைசிக் கப்பலான வாக்லி. பயிற்சிக்காக உருவான ஒரு தலைமுறையே பெரியவர்களாகி ஓய்வு பெற்ற பிறகும் வாக்லி ஓடிக்கொண்டிருந்தது. மற்ற நாடுகளில் இவை முன்பே மறைந்துவிட்டன. உக்ரைனிடம் மட்டும் சபோரீஷ்யா என்று ஒன்று இருந்தது. 2014ல் கிரிமியாவைப் பிடித்தபோது ரஷ்யா அதையும் எடுத்துக்கொண்டது.

குர்சுராவை விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் மணலில் ஏற்றி, 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் அந்த வட்டக் கதவுகளுக்குள் குனிந்து போய்ப் பார்க்கலாம். வாக்லியைத் தமிழ்நாடு கேட்டது. மாமல்லபுரத்தில் வைத்து அருங்காட்சியகம் ஆக்குவது திட்டம். விசாகப்பட்டினத்தில் இருந்து சென்னைத் துறைமுகம் வரை இழுத்தும் வந்தார்கள். மாமல்லபுரம் அங்கிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் தான். ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த கப்பல் குடும்பத்துக்கு அது ஒரு தூரமா? ஆனால் கப்பல் துறைமுகத்திலேயே ஆண்டுக்கணக்கில் நின்றது, அருங்காட்சியகம் வரவே இல்லை. பரளச்சியில் இருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேன் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கக்கூடிய கப்பல் அது.

2017ல் இருந்து பழைய பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பிரெஞ்சு ஸ்கார்பீன் வடிவமைப்பில் மும்பை மஸகான் தளத்தில் கட்டிய ஆறு புதிய கப்பல்களுக்குக் கல்வரி, கந்தேரி, கரஞ்ச், வேலா, வாகிர், வாக்ஷீர் என்றே பெயர். கடைசியான வாக்ஷீர் 2025 ஜனவரி 15ல் சேர்ந்தது. நீளம் 67 மீட்டர் தான், ஆட்களும் பழையதில் பாதிக்குச் சற்று மேல். ஆனால் இவையும் டீசலும் பேட்டரியும் தான், மூச்சுக்கு ஸ்நார்கல் நீட்டித்தான் ஆகவேண்டும். எட்டுப் பழைய பெயர்களில் இரண்டு மட்டும் இந்த ஆறில் இல்லை. ஒன்று குர்சுரா, அது விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கிறது. இன்னொன்று வாக்லி.